மூச்சு வாங்க வராத விரால்கள்

விரால்கள் மேலே வரவில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாயை நீருக்கு வெளியே நீட்டிக் காற்றை விழுங்கினால்தான் விரால் பிழைக்கும். முதல் இரண்டு நாள், அடுப்படியில் வெங்காயம் நறுக்கும்போதெல்லாம், உதடு பிரிவதுபோன்ற அந்தச் சின்னச் சத்தம் பாக்கியமேரிக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு குறைந்தது. இன்று இல்லவே இல்லை.

அவள் கணவன் இஞ்ஞாசிக்குச் சூளைவேலை. இரண்டு மாதத்துக்கு முன் பீங்கான் பட்டறையில் சூளைக் கதவைத் திறந்தபோது அனல் பாய்ந்து இடது கால் வெந்துவிட்டது. புண் ஆறவில்லை. விரால் சாறு சதையைக் கூட்டும் என்றார்கள். எட்டு விரால்களை உயிரோடு வாங்கி, விளிம்பு வெடித்ததால் பட்டறையில் கழித்துப்போட்ட வெள்ளைத் தொட்டியில் விட்டு, ஈரச்சாக்கால் மூடி, அவன் கயிற்றுக் கட்டிலுக்கு எதிரே வைத்திருந்தாள். கறுத்த உடம்புகளில் இப்போது பஞ்சுபோல வெள்ளை படர்ந்திருந்தது. காலையில் ஒன்று செத்து மிதந்தது.

மீன்பண்ணையில் வேலை பார்க்கும் அவள் தம்பி மிக்கேல் மத்தியானம் வந்தான்.

"இன்னாக்கா, மாமாவுக்கு வாங்கின மீனு மாமாவ விட சீக்கா கெடக்குது?"

சிரித்துக்கொண்டே செத்ததன் வயிற்றைக் கிழித்தவன், சிரிப்பை நிறுத்தினான்.

"தண்ணில கோளாறு இல்ல. மண்ணீரலப் பாரு, எப்படிச் சுருங்கியிருக்குது. இது பயந்து பயந்தே செத்திருக்குதுக்கா."

"மீனு பயத்துல சாவுமாடா?"

"பயந்தா தலைப்பக்கத்துச் சிறுநீரகத்துல ஒரு சுரப்பு ஊறும். கொஞ்ச நேரம்னா தப்பிச்சு ஓட அதான் தெம்பு. பயம் விலகாம நாள்கணக்கா ஊறினா அதுவே உள்ள அரிச்சிடும். சீக்க எதுத்து நிக்கிற சக்தி போயிடும், புண்ணு ஆறாது. எதக் கண்டு மிரளுதுன்னு பாரு. அத வெலக்கிட்டா மத்தது பொழைச்சுக்கும். பஸ்ஸு வந்துடும், போயிட்டு வரேன்."

புண்ணு ஆறாது. மீனுக்குச் சொன்ன அந்த வார்த்தை அவளோடு வீட்டுக்குள் வந்தது.

பூனை இல்லை. காக்கை இல்லை. சாக்கின் புழுங்கல் வாடையும், களிம்பு நெடியும், பட்டறைகளிலிருந்து காற்றில் வந்து எல்லாவற்றின் மேலும் படியும் வெள்ளை மண்தூசியும் மட்டுமே இருந்த அந்த அறையில், கட்டிலுக்கும் தொட்டிக்கும் நடுவே, தினமும் புண்ணைக் கழுவ நிற்கும் அதே இடத்தில் நின்று அவள் சாக்கை விலக்கினாள். ஏழும் தொட்டியின் எதிர்ப்புறச் சுவரோடு ஒட்டிக் கிடந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக. வால்கள்கூட அசையவில்லை. காற்றுக்காக அவற்றின் தொண்டை துடித்தது. ஆனாலும் மேலே வரவில்லை.

அவள் திரும்பினாள்.

இஞ்ஞாசியும் சுவரோடு ஒட்டிக் கிடந்தான். வெந்த காலை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நகர்ந்திருந்தான். மூன்று நாளாக அவன் பேசவில்லை. வலி என்று நினைத்திருந்தாள். இப்போதுதான் பார்த்தாள், அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

"என்னக் கண்டா பயமா இருக்குதாங்க?"

அவன் கண்ணோரத்தில் நீர் திரண்டு காதுவரை வழிந்தது. நெஞ்சு எழவில்லை.

பதினோரு வருடம். அவன் சட்டையிலிருந்து உதிரும் மண்ணைக்கூட அவள் கோபித்துக்கொண்டதில்லை. தன்னிடம் எது அவனை இப்படி மிரட்டுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. அவனுக்கு மூச்சு வேண்டும்.

"நான் போயிடுறேன். நீங்க மூச்சு வுடுங்க."

புடவை முனையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். வாசலில் சாயங்கால வெயில் இருந்தது. மூன்று எண்ணினாள். பத்து எண்ணினாள். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், அம்மா வீட்டுக்கு நடந்துவிடலாம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

நெஞ்சு ஏறவில்லை.

மீன்கள் அதே சுவரில். அவனும் அப்படியே சுவரோடு. முகம் நீலம் பாரித்திருந்தது. அவன் கண்கள் கதவைப் பார்க்கவில்லை. ஜன்னலையும் பார்க்கவில்லை.

அவள் நின்றிருந்த இடத்தையே பார்த்தன.

அங்கே யாரும் இல்லை.

அவன் பக்கத்தில், கட்டிலின் கயிறு, ஒருவர் உட்காரும் பாரத்துக்கு, மெல்லத் தாழ்ந்தது.