குடிலுக்குப் போன மாடு

பவானேஸ்வரி மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்தபோது மோட்டார் சைக்கிளைக் காணவில்லை.

இப்போதுதானே பிஸ்கட் டின்னை மோட்டார்க் கூடையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்… டின்னுக்குள் ஓர் ஆமை, ஒரு யானை, சுருண்டு தூங்கும் பூனை, மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் எலி. எல்லாம் நேற்று அவள் கையால் செய்தவை. காற்றிலேயே காய்கிற களிமண். இன்னும் முழுதாகக் காயவில்லை. நாலு சொட்டு மழை போதும், யானை மறுபடியும் மண்ணாகிவிடும்.

மெர்லிமாவ் கடைத்தெருவுக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கத்திக் கூப்பிடலாம்… ஆனால் அவளுக்குக் கத்திப் பழக்கமில்லை. ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே மேசைக்கடியில் குனிந்துகொள்ளும் பெண் அவள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டதற்கு வீட்டில் பல காரணங்கள் சொல்வார்கள். உண்மையான காரணம் அந்தப் பயம்தான். இப்போது வளையல் கடையில் வேலை. வேலை முடிந்தால் களிமண். களிமண் கேள்வி கேட்காது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் அப்போதுதான் பார்த்தாள். நாலைந்து வண்டி தள்ளி, அதே நீல நிறத்தில், அம்மாவின் பழைய கப்சாய் மோட்டார் வெறுங்கூடையோடு நின்றது.

ஐயோ… அப்படியானால் டின்னை யாருடைய மோட்டாரில் வைத்தேன்?

மழை கொட்டத் தொடங்கியது. அரை மணி நேரம் காத்திருந்து, போச்சு என்று அவள் மனசை விட்ட நேரத்தில், மழைக்குள்ளிருந்து இன்னொரு நீல மோட்டார் வந்தது. வந்தது என்று சொல்ல முடியாது, ஊர்ந்தது. ஓட்டியவன் தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். அவனுடைய மழைக்கோட்டு மட்டும் கூடைக்குள் எதையோ சுற்றி அணைத்துக்கொண்டிருந்தது.

"இங்க யாராச்சும் எலிய தொலைச்சிட்டீங்களா?"

பவானி மெல்லக் கையைத் தூக்கினாள்.

"கண்ணாடி போட்ட எலி?"

தலையாட்டினாள்.

"வீட்டுக்குப் போற வழியில செர்காம் பக்கம் மோட்டாருக்கு எண்ண ஊத்த நிறுத்தறேன், கூடையில ஒரு டின். பிஸ்கட்டுன்னு ஆசையா தொறந்தா ஒரு ஆமை என்னய மொறைக்குதுலா. பயந்துட்டேன்."

"அது மொறைக்கல… அதோட கண்ணே அப்படித்தான்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே வியப்பாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருவனிடம் பேசிவிட்டாள். அவன் சிரித்தான். இமையில் தொங்கிக்கொண்டிருந்த மழைத்துளிகள் அந்தச் சிரிப்பில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இப்படி ஒரு கண்ணைக் களிமண்ணில் கொண்டுவர முடியுமா… அவள் சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது." சட்டைப்பையிலிருந்து டிஷ்யூ பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தான். உள்ளே யானையின் ஒரு காது. "ரோட்டு மேட்டுல கழண்டிருச்சு. ஸ்லோவாதான் வந்தேன்… சோரி."

தான் முழுக்க நனைந்தும் ஒரு காதை நனையாமல் கொண்டு வந்திருக்கிறான். நன்றி சொல்ல வேண்டும்… கடைக்குள் ஓடிப்போய்த் துண்டை எடுத்து வந்து நீட்டினாள்.

தலையைத் துவட்டிக்கொண்டே அவன் பேசினான். பெயர் திருக்குமரன். மலாக்கா மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கும் வேலை. அம்மா மனோரஞ்சிதம் டீச்சர். அந்தப் பெயரைக் கேட்டதும் பவானி ஓரடி பின்னால் நகர்ந்தாள். மெர்லிமாவில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த யாழ்ப்பாணத்து டீச்சர் ஆயிற்றே!

"கிறிஸ்துமஸ் வருது. எங்க வீட்டுக் குடில்ல மாடும் கழுதையும் இல்ல. போன வருசம் பூனை தள்ளிவிட்டுருச்சு. செஞ்சி தருவீங்களா?"

தலையாட்டினாள். அன்றைக்கு அவள் தலை நிறையவே வேலை செய்தது.

அதன் பிறகு கைப்பேசியில் பேச்சு வளர்ந்தது. நேரில் வராத வார்த்தை விரலில் வந்தது.

'கழுதையை நான் நேர்ல பார்த்ததே இல்ல. காது எவ்ளோ நீளம்?'

தன் காதைப் படம் எடுத்து அனுப்பினான். 'இவ்ளோ போதுமா?'

'கழுதைக்கு இவ்ளோ பெருசு வேண்டாம்.'

அனுப்பிவிட்டு, தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். அம்மா ராஜம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"பாத்துடி. அவங்க படிச்சவங்க, வேதக்காரங்க வேற. பொம்மைய வாங்கிக்குவாங்க. அதுக்கு மேல எதையும் எதிர்பாக்காத."

கழுதைக்குத்தான் பாடுபட்டாள். மாட்டுக்கு யோசனையே தேவைப்படவில்லை. செம்பனைத் தோட்டத்து மாட்டுப் பொங்கலில் பார்த்த அதே மாடு… கழுத்தில் மணி, நீளமான இமை, பொறுமையான முகம். கடைசியில் சிவப்புச் சாயம் தொட்ட விரலால் நெற்றியில் ஒரு பொட்டு. பொட்டு வைத்தால்தான் மாடு முடிந்ததாக அவள் கைக்குத் தோன்றும். கை தானாகச் செய்தது.

கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் இருக்கையில் இரண்டையும் டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கூடத்தில் தேவாலயத்துப் பெண்கள் பாட்டுப் பயிற்சிக்காக உட்கார்ந்திருந்தார்கள். டின்னைத் திறந்ததும் ஓர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மனோ, இஞ்ச பாரும். மாடு பொட்டு வச்சுக்கொண்டு வந்திருக்கு. சைவ சமயத்து மாடு போல."

அப்போதுதான் பவானிக்கு உறைத்தது. குடிலில் மாதா, சூசையப்பர், இடையர்கள்… நடுவில் பொட்டு வைத்த மாடு. முகம் எரிந்தது.

"நான்… அழிச்சிட்டு கொண்டாறேன் டீச்சர்."

டீச்சர் பதில் சொல்லவில்லை. மேசையில், அலமாரியில் என்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பவானி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். அம்மா சொன்னது சரிதான். அந்த வீட்டில் நம் மாட்டுக்கே இடமில்லை, நமக்கு எப்படி…

அவன் அழைத்தான், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினான், திறக்கவில்லை. திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயம். களிமண்கூடக் கட்டியாகக் காய்ந்து கிடந்தது.

கிறிஸ்துமஸ் அன்று மாலை, பவானியின் தோட்டத்து வீட்டு வாசலில் நீல மோட்டார் வந்து நின்றது. அவன் பின்னால், தலைக்கு மிஞ்சிய தலைக்கவசத்தோடு, ஒரு கையில் கேக்கும் ஒரு கையில் பொட்டலமுமாக மனோரஞ்சிதம் டீச்சர்.

"பிள்ளை, ஏன் அண்டைக்கு ஓடினனீர்?"

பவானி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். "நீங்க… ஒண்ணுமே பேசல."

"கண்ணாடியைத் தேடிக்கொண்டு நிண்டனான். கண்ணாடி இல்லாம எனக்கு மாடும் தெரியாது, பொட்டும் தெரியாது. போட்டுக்கொண்டு பாத்தால், என்ன வடிவான மாடு! குடிலில பாலனுக்குப் பக்கத்திலதான் வச்சிருக்கு. பொட்டை அழிக்க நான் ஒருத்தரையும் விடேல்ல."

டீச்சர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கழுதை.

"ஆனா இதுக்கு ஒரு நியாயம் சொல்லும். மாட்டுக்குப் பொட்டு வச்சிட்டு இதை விட்டுட்டீர். பக்கத்தில நிக்கிற கழுதைக்கு மனசு நோகாதோ?"

ராஜம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உள்ள வாங்க டீச்சர், தேத்தண்ணி போடறேன்," என்று அழைத்துக்கொண்டு போனார். பயந்த அம்மாவா இது!

வாசலில் இருவர் மட்டும். அவள் சாயப் புட்டியைத் திறந்து, கழுதையைக் கையில் எடுத்தாள். கண்ணீர் திரையிட்டது. ஒன்றுக்கும் ஆகாத மண் கட்டியை எடுத்து ஏதோ செய்தோம்… அதை ஒருவன் மழையில் நனைந்து காத்தான், ஒரு தாய் மோட்டாரில் தொற்றிக்கொண்டு தேடி வந்தாள். இவ்வளவு அன்புக்கு நான் என்ன செய்தேன்? சாயம் தொட்ட விரலைக் கழுதையின் நெற்றி வரை கொண்டுபோய்த் தயங்கினாள்.

"மூச்ச மெதுவா விட்டுட்டு வைங்க," என்றான் அவன். "ஊசி குத்தறப்ப நான் அப்படித்தான்."

வைத்தாள். பொட்டு நேராக விழுந்தது.

"அம்மா கழுதைக்காக வந்தாங்க," அவன் குரல் இறங்கியது. "நான்…"

"எனக்கு உங்கள புடிச்சிருக்கு," என்றாள் பவானி. அவன் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "நன்றியும் இருக்கு, நிறைய. ஆனா அது வேற… இது வேற."

அவன் காது இரண்டும் சிவந்துபோயின.

"செர்காம்லேர்ந்து ரிஹர்சல் பண்ணிட்டு வந்தேன்லா," என்றான் கடைசியில். "நீங்க முந்திட்டீங்க."

"பரவால்ல… நீங்களும் சொல்லுங்க. கேக்கறேன்."

அவன் சொன்னான்.