யாரும் தின்னாத அத்திக்காய்

அவள்மேல் அப்பா வைத்த நம்பிக்கைக்கு அந்த வார விலை ஆறு கூடை அத்திக்காய். பழம்கூட இல்லை, காய். அதுவும் கடித்தால் பஞ்சுபோலச் சப்பென்றிருக்கும் ஆண் மரத்துக் காய். யாரும் தின்ன மாட்டார்கள், அதனால் யாரும் விற்கவும் மாட்டார்கள்.

மூன்று நாள் தேடியும் ஒரு காய்கூடக் கிடைக்கவில்லை. நான்காம் நாள் அவளுடைய வேன் பிரேக் பிடிக்காமல் ஒரு ஒர்க்‌ஷாப்பின் கேட்டில் முட்டி நின்றது.

"கேட்டைத் தட்டிட்டு வரலாமே... இடிச்சிட்டுத்தான் வரணுமா?"

மெக்கானிக் வந்தான். கையில் ரம்பம். முழங்கை வரை ஏதோ வெள்ளையாக வழிந்திருந்தது. திட்ட வந்து, பாதி வழியில் திட்டை மறந்துவிட்ட கண்கள்...

அவள் அந்தக் கண்களைப் பார்க்கவில்லை. சரி, ஒரு தரம் பார்த்தாள். அடுத்த கணம் அவனுக்குப் பின்னால் நின்ற மரத்தைப் பார்த்தாள். ஆண் அத்தி! கிளைகொள்ளாத காய். ஒரு கிளை ஏற்கெனவே தரையில் கிடந்தது.

ஓடிப்போய் அள்ளத் தோன்றியது. ஆனால் கொடுக்கல் வாங்கலில் வளர்ந்தவள். வேண்டிய சரக்கை வேண்டாத முகத்தோடு பார்க்கத் தெரியும்.

"அந்தக் குப்பையை என்ன பண்ணப் போறீங்க?"

"குப்பையில போடுவேன். வெள்ளிக்கிழமை கார் தூக்குற மெஷின் வருது. இடம் வேணும்."

"சும்மா குடுத்தா எடுத்துக்கறேன்... எங்க ஆட்டுக்கு."

"எத்தனை ஆடு?"

"பதினஞ்சு... இல்ல, இருபது."

"எண்ணிட்டே சொல்லுங்க. ஆடு எங்க போயிடப் போகுது?"

சிரித்துக்கொண்டே வெயிலுக்குப் போய் ரம்பத்தை மறுபடி கிளையில் வைத்தான். அவன் கையில் வழிந்தது அத்திப்பால். அந்தப் பால்மேல் வெயில் பட்டால் நாளைக்கே கொதி எண்ணெய் கொட்டினாற்போல் கொப்புளம் கிளம்பும். அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டால் ஆறு கூடை இனாம். திறந்தால் சரக்கு தெரிந்தவள் என்பது அம்பலம்...

ரம்பம் ஒரு இழுப்பு. இரண்டு இழுப்பு.

"ஏங்க! கையைக் கழுவுங்க! சோப்புப் போட்டு... முதல்ல நிழலுக்கு வாங்க!"

ரம்பம் நின்றது. "ஆடு மேய்க்கிறவங்களுக்கு அத்திப்பால் பத்தி இவ்வளவு தெரியுமா?"

போயிற்று. பேரம் போயிற்று... குழாயடியில் அவன் கை கழுவக் கழுவ, அவள் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. உலர் அத்தி வியாபாரி இந்த வருஷப் பழத்துக்குத் தந்த முன்பணம் முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போனது. எலும்புக்கு நல்லது, வயிற்றுக்கும் நல்லது என்று அங்கே தினம் இரண்டு ஊறவைத்த அத்திப்பழம் கொடுத்தார்கள். "இது அத்தியா? பழைய செருப்பு" என்று அப்பா தட்டைத் தள்ளினார். தோட்டத்துச் சாவியை மட்டும் அவளிடம் தந்தார்.

அவள் கெட்டிக்காரத்தனம் செய்தாள். ஆண் காய்க்குள் பிறக்கும் கடுகளவு குளவி வந்து நுழைந்தால்தான் அவர்கள் தோட்டத்துப் பிஞ்சு பழமாகும். ஆனால் பக்கத்துத் தோட்டத்திலும் ஆண் மரம் இருக்கிறதே, குளவிக்கு வேலி தெரியுமா என்று தங்களுடைய ஆண் மரங்கள் இரண்டையும் வெட்டி, அந்த இடத்தில் பழம் தருகிற பெண் கன்றுகளை நட்டாள். பக்கத்துத் தோட்டக்காரரும் அதே கணக்கைப் போட்டு, அதே மாதம் தன்னுடையதை வெட்டியிருந்தார்.

"இப்ப பிஞ்சு பூரா உதிர்ந்திடும். வியாபாரிக்குப் பாதித் தோட்டத்தை எழுதிக் குடுக்கணும். அப்பாவுக்குத் தெரியாது, இன்னும் அந்த மரங்க நின்ன மூலை வரைக்கும் நடந்து வரலை..."

அவன் ரம்பத்தைச் சுவரில் மாட்டினான். "மெஷின் முன்பக்கம் நிக்கட்டும். தடவைக்கு ரெண்டு கூடைன்னு மூணு தடவை நானே விடிகாலையில கொண்டு வரேன்."

"பின்வேலிப் பக்கமா வாங்க. அப்பா பார்க்காம—"

"வேலி தாண்ட மாட்டேங்க. கேட் வழியாத்தான் வருவேன். அதுக்குள்ள அவர்கிட்ட சொல்லிடுங்க."

"அது உங்களுக்கு எதுக்கு?"

"நாளைக்கு வேற விஷயமா அந்தக் கேட்டுக்கு வர வேண்டியிருந்தா... முகம் காட்டணும்ல?"

காது மடல் சுட்டது. கோபம்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அன்று மாலை அவள் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டின்போதும் வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை.

விடிந்தது. வானம் மூட்டமாக இருந்தது. காதலிக்கிறவர்களுக்கு மழை நல்லது. அத்தித் தோட்டத்தில் அன்று பெய்தால் குளவி பறக்காது. புறங்கையில் ஒரு துளி விழுந்தபோது கேட்டில் ஹாரன் கேட்டது. அவளுக்கு முன்னால் அப்பா போய்விட்டார், தடியூன்றி.

"யாருப்பா நீ? கூடையில என்ன?"

மெக்கானிக் கூடையை இறக்கி வைத்தான். கையில் கட்டு, கழுவியது கொஞ்சம் தாமதம் போலும். அவளையே பார்த்தான். கூடையில், காய்களின் வாயில், முதல் குளவி ஊர்ந்து வந்து சிறகை உலர்த்தியது. இரண்டாவது வந்தது. இன்னும் கால் மணி நேரத்தில் எல்லாம் பறந்துவிடும்...

"நான்தான்ப்பா வெட்டினேன். ரெண்டு ஆண் மரத்தையும்."

அப்பா தடி நுனியால் ஒரு காயைப் புரட்டிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார். அவள் சாவியை வைத்தாள்.

"தம்பி, வலைப்பையில அஞ்சஞ்சு காயாப் போட்டு மரத்துக்கு மரம் கட்டு. அவகிட்ட ஏணியைப் பிடிக்கச் சொல்லு."

அவள் இரண்டடி தள்ளித்தான் நின்றாள்.

"ஏணியைப் பிடிப்பீங்களாம்."

"கேட்டுச்சு."

நாலு துளியோடு மழை விலகிப் போனது.

அடுத்த இரண்டு தடவையும் அப்படித்தான். அவளிடம் சொல்ல வேண்டியதெல்லாம் மெக்கானிக் வழியாகவே வந்தது. அவன் வராத நாட்களில் வீட்டில் ஒரு சொல் இல்லை.

முதல் கூடை கட்டிப் பன்னிரண்டாம் நாள். குளவி நுழைந்த பிஞ்சு பளபளவென்று உப்பும். நுழையாதது மஞ்சளாகித் தொட்டால் உதிரும்.

"தம்பி, நடு மரத்தை மட்டும் ரெண்டு பேருமா எண்ணுங்க. இருநூறு நின்னிருந்தா தப்பிச்சோம்" என்று அப்பா வரிசைக் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம் அவள். தொட்டுத் தொட்டு எண்ணினாள். நூறு... நூற்றைம்பது... ஒரு மஞ்சள் பிஞ்சு விரல் பட்டு உதிர்ந்தது. உயிரே உதிர்ந்ததுபோல இருந்தது. நூற்றுத் தொண்ணூறு... இருநூற்றுப் பதினான்கு! கண் நிறைந்து இலைகள் மங்கின.

"உங்க பக்கம் எவ்வளவு?" என்றாள் மெதுவாக.

அவள் எம்பிப் பார்த்தாள்.

"உங்களைத்தான்..."

"எண்ணலைங்க."

"என்னது! எனக்கு இங்க உயிர் போகுது... அங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"இலைச் சந்துல உங்க முகம் தெரிஞ்சுது. உதடு முணுமுணுன்னு எண்ணிட்டே போகுது... அதையே பார்த்துட்டு நின்னுட்டேன்." ஒரு மூச்சு விட்டான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க. முதல் நாள்லேர்ந்தே."

அவள் குனிந்து, உதிர்ந்த மஞ்சள் பிஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வாயை மூடிட்டிருந்தா ஆறு கூடை சும்மா கிடைச்சிருக்கும்..." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஏன் திறந்தேன்னு நினைச்சீங்க? எனக்கும்தான்."

வரிசைக் கடைசியிலிருந்து குரல் வந்தது. "என்னம்மா... எவ்வளவு தேறுச்சு?"

அம்மா என்றார். தம்பி வழியாக இல்லை, நேராக.

"என் பக்கம் இருநூத்திப் பதினாலுப்பா!"

"தம்பி பக்கம்?"

இலைகளுக்கு நடுவே அந்தக் கண்களைப் பார்த்தாள். பார்வையைத் திருப்பவில்லை.

"அது பாக்கிப்பா... நாளைக்கு வந்து எண்ணுவாராம்."