மேஸ்திரி போட்ட பந்தி

அவளுக்கு வகுப்பில் 'மேஸ்திரி' என்று பெயர். வயது பத்துதான். ஆனாலும் யார் எங்கே நிற்க வேண்டும், எதை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. வீட்டில் அப்பா ஆணி அடிக்கும்போதுகூட, "கொஞ்சம் இடது பக்கம்ப்பா... ம், இப்ப அடிங்க" என்பாள். ஆணியும் சரியான இடத்தில்தான் இறங்கும்.

அதனால்தான் அறிவியல் டீச்சர், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் பள்ளியிலேயே சாப்பிட்டுட்டு, இருட்டினதும் மொட்டை மாடியில நட்சத்திரம் பார்க்கப் போறோம். சாப்பாட்டுப் பொறுப்பு யாருக்கு?" என்று கேட்டதும், வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் கத்தியது.

"மேஸ்திரிக்கு!"

ஐந்தரை மணிக்குச் சாப்பாடு என்று முடிவாயிற்று. சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் இருக்கும் நீளமான மேஜையில் மூன்று இடங்களை மேஸ்திரி முதலிலேயே பிடித்து வைத்தாள். ஒன்று அவளுக்கு. ஒன்று நெட்டைக்கு. ஒன்று சுருட்டைக்கு. மூவரும் முதல் வகுப்பிலிருந்தே இணைபிரியாத கூட்டாளிகள்.

ஆனால் நெட்டை முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் வரலை."

"ஏன்டா?"

"எனக்குப் பசிக்காது."

மேஸ்திரி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பழ வாசனை வருகிறது என்று அழிரப்பரையே கடித்துப் பார்த்தவன் அவன். அவனுக்குப் பசிக்காதாம்!

"உண்மையைச் சொல்லுடா."

"இந்த மாசம் எங்க வீட்டுல நோன்பு. விடியறதுக்கு முன்னாடி சாப்பிடுவோம். அப்புறம் சூரியன் மறைஞ்சாதான் தண்ணிகூட. இந்த வருஷம்தான் என்னையும் நோன்பு இருக்க விட்டாங்க." அவன் தோள்கள் பெருமையில் ஒரு முறை உயர்ந்தன. பிறகு தணிந்தன. "எல்லாரும் சாப்பிடறப்ப நான் மட்டும் சும்மா உக்காந்திருந்தா, ஆளாளுக்கு 'ஐயோ பாவம்'பீங்க. நான் ஒண்ணும் பாவம் இல்ல."

"இவ்வளவுதானா?" என்ற மேஸ்திரி, ஒரே ஓட்டமாக டீச்சரிடம் ஓடினாள். சாப்பாடு ஏழு மணிக்கு மாறியது. கைகளைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். அவள் கணக்கில் வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் காலை சுருட்டை வந்து நின்றாள். "நான் வெள்ளிக்கிழமை வரலை."

"நேத்து வரைக்கும் குதிச்சுக்கிட்டு இருந்தியேடி!"

"நேத்து வரைக்கும் சாப்பாடு அஞ்சரைக்கு இருந்துச்சு. எங்க வீட்டுல பொழுது சாஞ்ச பிறகு யாரும் சாப்பிட மாட்டோம். இருட்டுல சின்னப் பூச்சி ஏதாவது தெரியாம வாயில போயிட்டா?"

"ஒரு பூச்சிக்காகவா இவ்வளவு?"

"ஏன், பூச்சிக்கு உசிரு இல்லையா?"

மேஸ்திரி சட்டென்று தன் காலடியைக் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட கேட்ட மாதிரி என்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் சுருட்டை மெதுவாக. அது சுருக்கென்று தைத்தது.

பின் பெஞ்சிலிருந்து நெட்டை எழுந்து வந்தான். "பழையபடி அஞ்சரைக்கே வச்சிடு. நான் வீட்டுல இருந்துக்கறேன்."

"வேண்டாம், நான் இருந்துக்கறேன்" என்றாள் சுருட்டை.

"நீ போ."

"நீதான் போகணும்!"

இருவரும் சண்டைக்கோழிகள் மாதிரி நின்றார்கள். சண்டை, யார் விட்டுக்கொடுப்பது என்பதற்கு!

"சுருட்டைக்கு மட்டும் முன்னாடியே ஒரு தட்டு குடுத்துடலாமே?" என்று யாரோ யோசனை சொன்னார்கள்.

"தண்டனை குடுத்த மாதிரி தனியா உக்காந்து சாப்பிடணுமா?" என்று கேட்டாள் சுருட்டை.

மதிய இடைவேளையில் மேஸ்திரி சமையலறைக்குப் போனாள். சமையல்காரர் ஆள் உயரத்துக்கு ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"மாமா, வெள்ளிக்கிழமை ரெண்டு பந்தி போட முடியுமா? பொழுது சாயறதுக்கு முன்னாடி ஒண்ணு, அப்புறம் ஒண்ணு."

"ஏன், மூணா போட்டுடலாமே!" என்றார் சமையல்காரர். "எனக்கு முதுகுல ரெண்டு கை முளைச்சிருக்கா என்ன? சமைக்கறது பெரிசில்லம்மா. ரெண்டு வாட்டி பரிமாற ஆளுக்கு எங்க போறது?"

மேஸ்திரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. நோன்பு இருக்கும் நெட்டை, சும்மா உட்கார முடியாமல் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக ஊற்றிக்கொண்டிருந்தான். "ஒரு டம்ளருக்கு ஒரு நன்றி! கடன் கிடையாது!" என்று கூவினான். பாதித் தண்ணீர் டம்ளரில் விழுந்தது, மீதி மேஜையில்.

மேஸ்திரியின் தலை மெல்ல நிமிர்ந்தது. சாப்பிடாதவன் கை சும்மாதானே இருக்கிறது!

இந்த முறை அவள் யாரிடமும் ஓடவில்லை. முதலில் கூட்டாளிகள் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டாள்.

"பாதிப் பேர் பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடறோம். மீதிப் பாதி பரிமாறுது. சாஞ்சப்புறம் அவங்க உக்காரட்டும், நாம பரிமாறுவோம். நெட்டை, சாப்பாட்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறது உனக்குக் கஷ்டமா இருக்குமா?"

நெட்டை யோசித்தான். "கஷ்டம்தான். அதுக்குப் பேருதானே நோன்பு. நான் பரிமாறறேன். ஆனா என் முறை வரும்போது இவ கஞ்சத்தனம் பண்ணக் கூடாது."

"நீ 'போதும்'னு சொல்ற வரைக்கும் போடறேன்" என்றாள் சுருட்டை.

"அப்ப நட்சத்திரம் பார்த்த மாதிரிதான்!" என்றாள் மேஸ்திரி. "சரி, வெள்ளிக்கிழமை சூரியன் எத்தனை மணிக்கு மறையும்? யாரையாவது கேட்கணும்."

"ஆறு இருபத்திரண்டு" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் நெட்டை.

"அதுக்குள்ள நான் முடிக்கணும்ல! உனக்கு?"

"அதுக்கப்புறம்தானே நான் ஆரம்பிக்கணும்!"

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தாள். "உனக்குச் சாத்துற கதவுதான்டி இவனுக்குத் திறக்குது!"

அன்று மாலை மேஸ்திரி மறுபடியும் சமையலறை வாசலில் நின்றாள். "பரிமாற எத்தனை கை வேணும், மாமா?" அவளுக்குப் பின்னால் வகுப்பே கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றது. சமையல்காரர் எல்லாக் கைகளையும் ஒரு நோட்டம் விட்டார்.

"முதல்ல அந்தக் கைகளை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றார். அதுதான் அவர் சம்மதம்.

டீச்சருக்கோ ஒரே சந்தோஷம். "சூரியனும் ஒரு நட்சத்திரம்தானே! வெள்ளிக்கிழமை நாம பார்க்கற முதல் நட்சத்திரம் அதுவாவே இருக்கட்டும்" என்று ஜன்னல் திரைகளை எல்லாம் விலக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை முதல் பந்தி அமர்க்களமாக நடந்தது. நெட்டை சூப் ஊற்றினான். ரொட்டி கேட்டவனுக்கு ஆப்பிள் துண்டு வந்தது, ஆப்பிள் கேட்டவனுக்கு ரொட்டி வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. "பாவம்" என்றும் யாரும் சொல்லவில்லை. "இங்க இன்னொரு கரண்டிடா!" என்றுதான் சொன்னார்கள்.

வெயில் மேஜைமேல் நீளமாகச் சாய்ந்தது. சுருட்டை கடைசித் துண்டு ரொட்டியை முடித்து, ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். நெட்டை அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான். அவன் முன்னால் நிறைத்து வைத்த டம்ளர்.

யாரும் சொல்லாமலே எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சூரியன் பாதியானது, கீற்றானது, காணாமல் போனது.

நெட்டையின் உதடுகள் மெல்ல அசைந்து ஏதோ சொல்லின. பிறகு டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

"எப்படி இருக்குடா?" என்று கேட்டாள் சுருட்டை, பெரிய ரகசியத்தைக் கேட்பதுபோல.

"தண்ணி மாதிரியே இருக்கு" என்றான் நெட்டை. கூடமே வெடித்துச் சிரித்தது. சுருட்டை கரண்டியைக் கையில் எடுத்தாள். சொன்ன சொல் தவறவில்லை. நெட்டையின் வாயிலிருந்து 'போதும்' வர வெகுநேரம் ஆனது.

எல்லாத் தட்டுகளும் காலியான பிறகு சமையல்காரர் எட்டிப் பார்த்தார். "மேஸ்திரி சாப்பிட்டாச்சா?"

மேஸ்திரி திருதிருவென்று விழித்தாள். முதல் பந்தியில் அவள் ஆட்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பந்தியில் ரொட்டிக் கூடையோடு ஓடிக்கொண்டிருந்தாள். அவள் வயிறே அவளுக்காகப் பதில் சொல்லியது, கொஞ்சம் சத்தமாகவே.

நெட்டை அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தான். சுருட்டை தட்டு நிறைய ரொட்டியை அடுக்கினாள். சமையல்காரர் தன் கையால் சூப் ஊற்றினார்.

"எல்லாரும் மாடிக்கு வாங்க! முதல் நட்சத்திரம் வந்தாச்சு!" என்று மேலிருந்து டீச்சரின் குரல் கேட்டது.

"அதை அங்கயே இருக்கச் சொல்லுங்க டீச்சர்!" என்று வாய் நிறைய ரொட்டியோடு கத்தினாள் மேஸ்திரி. "இதோ வந்துடறேன்!"