மூன்று சதவீத வாய்ப்பு

ஜெபசிங் கண்விழிக்கும் முன்பே அவன் தோள் விழித்துவிடும். தோலுக்கடியில் அரிசியளவில் பதிந்திருந்த தோள்மணி, "தசைநார் நலம். இன்று முழு வேகத்தில் வீசலாம்" என்று காதோரம் சொல்லும். தோள்மணி இல்லாத பந்துவீச்சாளரைத் தூத்துக்குடி மாவட்ட அணியில் அப்போது யாரும் பார்த்ததில்லை.

பல வருடங்களாக அவன் அந்த அணியிலேயே கிடந்தான். தேசிய அணிக்குப் போவானா என்பதை அன்று 'ஊகி' சொல்லவிருந்தது. மனிதத் தேர்வாளர்களின் ஓரவஞ்சனை ஒழியட்டும் என்று கொண்டுவரப்பட்ட இயந்திரம் அது. அதை இயக்குபவள் ரெஜினா.

அவன் வீச வீச ஊகி பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் திறமை தொண்ணூற்றாறு சதவீதம் என்றது. வாய்ப்பு மூன்று.

"ஏன் இவ்வளவு கம்மி?" ரெஜினாவுக்கே விளங்கவில்லை.

"மனிதர்கள் இதுவரை யாரையெல்லாம் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் படித்துத்தான் நான் கற்றேன். பெரும்பாலானவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு தேசிய வீரர் இருந்தார். இவர் வீட்டில் இல்லை."

ஜெபசிங்குக்குக் கோபத்தைவிட ஆர்வமே முந்தியது. "இருந்தா எவ்ளோ காட்டும்?"

"எண்பத்தெட்டு."

வீட்டில் அப்பா தேவசகாயம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.

"நம்ம தெரு விக்டர் அண்ணாச்சி தேசிய அணியில ஆடுனவருதான? பிள்ளையில்லாத மனுசன். தத்தெடுத்துக்கிடுதீகளான்னு கேட்டுப் பாப்பமே."

"எப்பா, பேர மாத்தணுமே."

"பேருதானல. கையா மாறப் போவுது?"

சொல்லிவிட்டு அவர் எழுந்து உள்ளே போனார். அன்று இரவு இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

விக்டர் தயங்கவில்லை. கைரேகை வைத்த நிமிடத்தில் தத்து முடிந்தது. ஊகி எண்பத்தெட்டு என்றது. அடுத்த தொடருக்கான அணியில் ஜெபசிங் விக்டர் இருந்தான்.

சென்னையில் முதல் ஆட்டம். தேவசகாயம் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். விரைந்து ஓடிவந்த மகன் கடைசி நொடியில் மணிக்கட்டை மடக்கினான். பந்து தயங்கி இறங்கி, நடு ஸ்டம்பைச் சாய்த்தது. மொட்டைமாடியில் தேவசகாயம் தானே கண்டுபிடித்து அவனுக்குப் பழக்கிய பந்து.

பக்கத்து இருக்கைக்காரர் அவர் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா சார் அந்த மணிக்கட்ட? இதெல்லாம் சொல்லிக்குடுத்து வராது. ரத்தத்துல இருக்கணும். விக்டர் பையனாச்சே."

"விக்டர் பேட்ஸ்மேன்லா சார்? பந்தே போட்டதில்லயே," என்றார் தேவசகாயம் மெதுவாக.

"அதனால என்ன சார்? ரத்தம் பொய் சொல்லுமா?"