கிழக்கு வரிசையின் பாராட்டுகள்

2008 நவம்பர் ஒன்றாம் தேதி மத்தியானம். தூறலில் நனைந்தபடி லூயிஸ் மூலக்குளம் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தான். மறுநாள் கல்லறைத் திருநாள். ஒரு வாரமாய்க் கல்லறைச் சிலுவைகளில் பெயர் எழுதிய கறுப்பு பெயிண்ட் இன்னும் நகக்கண்ணில் அப்பியிருந்தது. மனைவி அஞ்சலிக்குப் பித்தப்பையில் கல். மூன்று மணிக்கு ஆபரேஷன். நர்சிங் ஹோமில் பதிவுச் சீட்டைப் பிரிண்ட் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள்.

கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். இவனா கேட்பான்? இன்டர்நெட்டில் தேடி, அதிக நட்சத்திரம் வாங்கிய டாக்டரைப் பிடித்ததில் ஐயாவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

பிரிண்டர் முனகிக்கொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாமல், டாக்டரைப் பாராட்டியவர்களின் பெயர்களை லூயிஸ் படித்தான். டாக்டரைத் தேடிய அன்றைக்கு நட்சத்திரத்தை எண்ணியதோடு சரி.

‘மரியதாஸ்: வலியே தெரியவில்லை. நிம்மதியாக இருக்கிறேன்.’

‘ஞானம்மாள்: வலியே தெரியவில்லை. நிம்மதியாக இருக்கிறேன்.’

பதினோரு பேர். எல்லாருக்கும் ஒரே வாசகம்.

நனைந்த மண்வாடை எங்கிருந்தோ அறைக்குள் வந்தது.

அத்தனை பெயரையும் இந்த வாரம்தான் எழுதியிருந்தான். கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு வரிசை. பாராட்டு எழுதிய தேதிகளைப் பார்த்தான். எல்லாம் சிலுவையில் அவன் எழுதிய இறந்த தேதிகளேதான்.

நர்சிங் ஹோமில் இருந்த அஞ்சலிக்குப் போன் போட்டான்.

“ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சிங்க. சீட்டு எங்க?” என்றாள் அஞ்சலி.

“ஏறாத. எழுந்து வெளிய வந்துடு. தோ வந்துட்டேன்.”

நாலு மணிக்கு இருவரும் கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்கள். அவள் விடாமல் திட்டினாள். உயிரோடு நின்று திட்டுகிறாளே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவன் பையிலிருந்த சீட்டை அவள் பிடுங்கிப் பார்த்தாள்.

“ஏங்க, இதுல எம்பேரே இல்லியே?”

‘நோயாளி பெயர்: லூயிஸ்.’

ரேஷன் கார்டு பழக்கம். எந்தப் படிவமானாலும் முதல் கட்டத்தில் குடும்பத் தலைவர் பெயரைப் போட்டுவிடுவான்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நர்சிங் ஹோமிலிருந்து எஸ்.எம்.எஸ்.

‘உங்கள் பாராட்டு வந்து சேர்ந்தது. நன்றி.’

அவன் யாருக்கும் எதையும் எழுதவில்லை. விரல் தானாகக் கீழ்ப் பொத்தானை அழுத்தியது.

‘லூயிஸ்: வலியே தெரியவில்லை. நிம்மதியாக இருக்கிறேன்.’

“யாருங்க?” என்றாள் அஞ்சலி.

தேதி, நவம்பர் இரண்டு என்றிருந்தது.