நீலம் பூசிய வார்டு

என் மகள் சின்னபொண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது உச்சிவெயில். திண்டிவனத்தில் அப்போது இருந்த தர்ம ஆஸ்பத்திரி அது. பத்து வருஷமாக அங்கே பெருக்குவதும் பிணம் தூக்குவதும் என் வேலை. அன்று வாசற்படியிலேயே கால் பின்வாங்கியது.

நாற்பத்திரண்டாம் வருஷம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே அரண்டு கிடந்தது. விளக்கு வெளியே தெரியக்கூடாதாம். துணிக்குப் போடும் நீலத்தைக் கஞ்சியில் குழைத்து ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் பூசியவன் இந்தப் பாவிதான். அதன்பிறகு பட்டப்பகலிலும் உள்ளே படுத்திருந்தவர்கள் செத்தவர்களாகவே தெரிந்தார்கள். பிழைக்கிற ஆளுக்கும் உதடு கருநீலம். பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே மாரடித்து அழுதார்கள். நோயாளிகளும் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டு, கஞ்சி வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

எட்டு நாளைக்கு முன்பு, வாந்திபேதியில் வந்த குப்பம்மாளை புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் சக்கரபாணிதான், டாக்டர் இல்லாததால், குனிந்து பார்த்தார்.

"போயிட்டா. தூக்கு, ஜல்தி."

தூக்கினேன். வெளியே வெயிலில் அவள் உதடு சிவப்பாக இருந்தது. வெற்றிலைக் கறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிரஸ்ஸரே சொன்னபிறகு நான் யார்? சவக்கிடங்கில் போட்டுப் பூட்டினேன்.

மறுநாள் திறந்தபோது அவள் கதவோரம் கிடந்தாள். விரல் நகமெல்லாம் பிய்ந்திருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அவள் படுத்த கட்டில் மட்டும்தான் காலி. என் மகளை அதில்தான் போட்டார்கள். அதே வாந்திபேதி.

பினாயில் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கிட்டே குனிந்தால் வெற்றிலை வாசனை.

வார்டில் யாரும் வெற்றிலை போடவில்லை.

மூன்று மணிக்குச் சக்கரபாணி வந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"பெரியசாமி, மனச தேத்திக்க. போயிட்டா."

"இல்லீங்க ஐயா! இந்த நீலத்துல எல்லாருமே அப்பிடித்தாங்க தெரியுறாங்க. எம்புள்ளைக்கு உசுரு கீதுங்க!"

"பைத்தியமாட்டம் பேசாத. தூக்கு."

"வெயில்ல ஒரு தபா பாருங்க ஐயா, ஒங்க கால்ல வுழறேன்!"

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் மகளை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

வெயில் அவள் முகத்தில் விழுந்தது.

உதடு சிவப்பு! மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது. சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியாது.

அவள் கண் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அப்பா," என்று முனகினாள். "அந்த அம்மாவுக்கும் உசுரு இருந்துச்சாம். அவங்கள மட்டும் ஏம்ப்பா உள்ள வெச்சிப் பூட்டின?"

திரும்பினேன். வெறும் மண்தரை. வெயில்.

"கையப் புடிச்சிக்கினு வரச் சொல்றாங்கப்பா."

"வாணாம்மா! கைய எடு! தாயே, இது பச்சப்புள்ள. தப்பு பண்ணவன் நானு. என்னைக் கூட்டிக்கினு போ!"

காற்றில் நீட்டிய அந்தச் சின்னக் கையில், சுள்ளென்ற வெயிலிலும், நகத்திலிருந்து மணிக்கட்டுவரை நீலம் ஏறியது.