அமீரா பேசிய தமிழ்

மொழிபெயர்த்த வீடியோ அசல் வீடியோவைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. ஜரீனா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் நறுக்கென்று முடிவதைத் தமிழ் நீட்டி முழக்கித்தானே சொல்லும், தமிழாசிரியைக்கு இது தெரியாதா என்ன? ஆனால் அந்த மிச்ச நேரத்தில் அமீரா எதுவுமே பேசவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல், சும்மா நின்றாள். அசலில் பிள்ளை அப்படி நிற்கவே இல்லை.

பள்ளி விட்டு எல்லாரும் போயிருந்தார்கள். ஆசிரியர் அறையில் ஏர்கான் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. யாரோ மிச்சம் வைத்துப் போன கோப்பியின் புளித்த வாடையும், திறந்த கதவு வழியாக வந்த மழையின் ஈர வாடையும் ஒன்றாய்க் கலந்து, ஆளில்லாத மேசைகளுக்கு நடுவே சுற்றி வந்தன. ஜரீனா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

தமிழ் விழாவுக்காகப் பள்ளி வாங்கிய ஏஐ கருவி அது. ஒருவர் எந்த மொழியில் பேசியிருந்தாலும், அதே முகம், அதே குரல், உதட்டசைவுகூடப் பிசகாமல், சீனமாகவோ மலாயாகவோ தமிழாகவோ மாற்றித் தந்துவிடும். சக ஆசிரியை கவிப்ரியாதான் எல்லாருக்கும் செய்து காட்டினாள்.

"ஈஸி லா, அக்கா. வீடியோவ அப்லோட் பண்ணுங்க, தமிழ்னு செலக்ட் பண்ணுங்க, முடிஞ்சுது. நம்ம பிரின்சிபால் தமிழ் பேசுறாரு பாருங்க!"

சீனரான தலைமையாசிரியர் திரையில் கைகூப்பி, மதுரையில் பிறந்தவர் கணக்காய்த் தமிழ் பேசினார். அறையே கைதட்டிச் சிரித்தது. ஜரீனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆசை வந்துவிட்டது. ஆசை யாரை விட்டது?

அமீரா அவளுடைய ஒரே மகள். பத்து வயது. போன டிசம்பர் விடுமுறையில் டெங்கிக் காய்ச்சல் வந்து, ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஊர் சொல்லும்; அமீரா மக்கு இல்லை, கெட்டிக்காரி. ஆனால் தமிழ் மட்டும் வாயில் நுழையாது என்று அடம். தாய் தமிழில் கேட்பாள், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். திட்டினாலும் கொஞ்சினாலும் அதே கதைதான். "வென் ஐ குரோ அப், ஐ வில் ஸ்பீக் லா, மம்மி!" என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாள். பாவி மகள், வளரவே இல்லை.

இப்போது மிச்சம் இருந்ததெல்லாம் அவள் குரல்தான். வாக்கியத்தின் கடைசியில் லேசாகக் கரகரத்து மேலே ஏறும் குரல். ஜரீனாவின் போனில் கொஞ்சம் வீடியோக்கள். கணவன் இப்ராஹீமின் போனில், "டேடி, கம் ஹோம் ஃபாஸ்ட்" என்ற ஒற்றை வாய்ஸ் மெசேஜ். சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை அவனுக்கு. ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்பும் அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். அதை வைத்துத்தான் அந்த மனுஷன் நடமாடிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ஜரீனா மாற்றியது தேக்கா மார்க்கெட்டில் எடுத்த வீடியோ. "அம்மா, அந்த நண்டோட கையக் கட்டிப் போட்டிருக்காங்க. பாவம்மா," என்றாள் திரையில் அமீரா. அதே கரகரப்பு. ஜரீனா மேசைமேல் தலையைச் சாய்த்து, வாய்விட்டு அழுதாள். ஒரு தடவை கேட்டாலே போதும் என்றுதான் வந்தாள். போதவில்லை.

மறுநாள் இன்னொன்று. அதற்கு மறுநாள் இன்னொன்று. பிறகு வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். புக்கிட் பாஞ்சாங்கில் அவர்களுடைய வீட்டை ஒட்டித்தான் எல்ஆர்டி ரயில் ஓடும். வீடுகள் பக்கம் வரும்போது அதன் கண்ணாடிகள் தாமாகவே மங்கிவிடும். உள்ளே ஆள் இருப்பதும் தெரியாது, இல்லாததும் தெரியாது. அப்படியொரு வண்டி ஜன்னலைக் கடந்துபோன பொழுதில்தான் பிறந்தநாள் வீடியோ மாறி முடிந்தது. கேக்கின் முன்னால் நின்ற அமீரா மெழுகுவர்த்தியைப் பார்க்கவில்லை. நேராகத் தாயைப் பார்த்தாள்.

"உம்மா, சாப்பிட்டியா?"

ஜரீனாவின் கை அப்படியே நின்றது. அசலில் அந்தக் கேள்வி கிடையாது. "கேன் ஐ புளோ நவ்?" என்பதுதான் அதில் இருந்தது. உம்மா என்பது ஜரீனா தன் தாயை அழைத்த சொல். அமீரா ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, எப்போதும் மம்மிதான். கருவிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பூட்டியிருந்த அமீராவின் அறைப் பக்கமிருந்து, காய்ச்சல் நாட்களில் பிள்ளையின் கைகாலில் தடவிய கொசு விரட்டும் எண்ணெயின் வாடை மெல்ல வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். பெற்ற வயிறு கேட்குமா? "சாப்பிட்டேன், கண்ணு," என்று திரையிடமே சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த வீடியோவை ஏற்றினாள். இப்படியே ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் மாற்றி முடித்தாள். ஒவ்வொன்றிலும் அந்தக் குரல் அழகாக, பிழையே இல்லாமல், அவள் வகுப்பில் எந்தப் பிள்ளையும் பேசாத தமிழைப் பேசியது.

அந்தி மங்க, மக்ரிப் தொழுகைக்கு விரிப்பை எடுத்தபோது போன் அடித்தது. இப்ராஹீம்.

"ஜரீனா, என் போன்ல என்ன செஞ்சே?"

"நான் தொடவே இல்லைங்க."

"புள்ள தமிழ்ல பேசுது. 'வாப்பா, சீக்கிரம் வீட்டுக்கு வாங்க'ங்குது. அது அவ இல்ல." பின்னால் வண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே அவன் விம்முவது கேட்டது. "அவ குரல் எங்க, ஜரீனா? எனக்கு அது ஒண்ணுதானே இருந்துச்சு? என் புள்ள குரலக் குடு."

ஜரீனா அழைப்பைத் துண்டித்துவிட்டு அசல் வீடியோக்களைத் திறந்தாள். அவள் கை வைக்காத, கருவிக்குக் காட்டிய பிறகும் போனில் பத்திரமாக இருந்த அசல்கள். தேக்கா மார்க்கெட். தமிழ். பிறந்தநாள். தமிழ். பள்ளி ஓட்டப் பந்தயம், நீச்சல் குளம், சும்மா சோபாவில் குதித்தது. தமிழ், தமிழ், தமிழ். மகளின் குரல் எதிலுமே இல்லை. அல்லாவே, நானே என் கையால் தொலைத்துவிட்டேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் உதடுகளைக் கவனித்தாள்.

குரல் ஒன்று பேசியது. உதடுகள் வேறொன்று பேசின.

சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். பத்து வருடம் பார்த்த வாய். ஊமைப் படமாக ஓடினாலும் தெரியும். மம்மி என்றது. மறுபடியும், மம்மி. எந்த வீடியோவைத் திறந்தாலும் அதே அசைவு. கேக்கின் முன்னால் நின்றும், குளத்தின் படியில் உட்கார்ந்தும், அமீரா ஒரே சொல்லை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

மம்மி. டோன்ட் ஆன்சர்.

எல்ஆர்டி ஒன்று கடந்து போனது. வீட்டில் வெளிச்சம் குறைந்திருந்தது. விளக்கைப் போட எழவேண்டும். எழ முடியவில்லை.

"உம்மா."

போனில் சத்தம் இல்லை. பூட்டிய அறைக்குள்ளிருந்து.

"உம்மா, நான்தான்."

எண்ணெய் வாடை. இப்போது மூக்கை அடைத்தது.

"தமிழ்லதானே பேசுறேன்? நீ ஆசப்பட்ட மாதிரியே பேசுறேன்ல? ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிற?"

திரையில் அமீரா வேகவேகமாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம். இரண்டு கைகளையும் உள்பக்கமிருந்து கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். விரல் நுனிகள் வெளுத்தன.

ஜரீனா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பற்களைக் கடித்தாள்.

"இங்க இருட்டா இருக்கு, உம்மா. பயமா இருக்கு." குரல் உடைந்தது. கடைசியில் லேசாகக் கரகரத்து, மேலே ஏறியது. "ஒரு தடவ கூப்பிடேன்."

அழுகிற பிள்ளை. இருட்டில் அழுகிற பிள்ளை.

கை தானாக வாயிலிருந்து இறங்கியது.

"வா, கண்ணு," என்றாள் ஜரீனா.

பூட்டு திறந்தது. கதவு திறந்தது. கேட்டது பத்து வயதுப் பிள்ளையின் காலடிச் சத்தம் இல்லை.

அவள் திரும்பவில்லை. திரையையே பார்த்தாள். அமீரா வாயை அகலத் திறந்து, சத்தமில்லாமல் கதறிக்கொண்டிருந்தாள். பிறகு கதறல் நின்றது. பிள்ளையின் கண்கள் தாயை விட்டு மெல்ல மேலே ஏறின. ஜரீனாவுக்குப் பின்னால் வந்து நின்றதை, கழுத்து வலிக்க, அண்ணாந்து பார்த்தன.